லயன் காம்பராவில் ஒரு நெட்வொர்க் ஆய்வுகூடம்

அத்தியாயம் 4

எந்தச் சாமானையும் வாங்குமுன் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் 300 அமெரிக்க டொலர். ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 90,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஓர் அம்மா 67 நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால்தான் பிள்ளை ஒரு தடவை தேர்வு எழுதலாம். தவறினால் இன்னொரு 67 நாள்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு யோசனையும் அந்த 90,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சொல்லப்படுவது. ஆய்வுகூடத்துக்காகத் தேர்வுப் பணத்தில் கை வைக்கக் கூடாது. ஆய்வுகூடம் நன்றாக இருந்தால் அந்தப் பணத்தை ஒரு தடவை மட்டும் கட்டினால் போதும்.

இந்தக் கணக்கைப் போடாமலே தொடங்கியவன் நான். உயர்தரம் முடித்து, கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் இரண்டு பழைய ரவுட்டர்களும் 24 போர்ட் சுவிட்ச் ஒன்றும் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்து ஹட்டனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஓட்டோவில் தோட்டத்துக்கு ஏற்றிப்போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்து பேர் படுக்கிறோம். முதல் இரவு மூன்று பெட்டிகளின் விசிறிகளும் ஊதத் தொடங்கின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாயி மட்டும் இருட்டில் கேட்டார்: “இந்த மெசினு எப்பப்பா தூங்கும்?” அதற்குப் பிறகு பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மட்டுந்தான் அவற்றைப் போட முடிந்தது. பகலில் எனக்கு வேலை. பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடந்தன.

அதைவிடப் பெரிய நட்டம் பிறகுதான் தெரிந்தது. ரவுட்டர்களோடு சீரியல் கார்டுகளையும் அவற்றுக்கான தடித்த கேபிள்களையும் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். பழைய புத்தகத்தில் ஃப்ரேம் ரிலே பாடத்துக்கு அவை வேண்டும் என்றிருந்தது. அந்தப் பாடமே தேர்வில் இல்லாமற்போயிருந்தது.

பாடத்திட்டத்தைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

2020 பெப்ரவரி 24 அன்று சிஸ்கோ பழைய தேர்வுகளை நிறுத்திவிட்டு 200-301 என்ற ஒரே தேர்வைக் கொண்டுவந்தது. 2024 ஓகஸ்டில் அதன் பாடத்திட்டம் 1.1 என்ற பதிப்பாகச் சிறிது திருத்தப்பட்டது. 120 நிமிடத் தேர்வு, சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், எழுதுவதற்கு முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. ஹட்டனிலோ கண்டியிலோ பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிசிஎன்ஏ புத்தகம் பெரும்பாலும் 2020க்கு முந்தியது. அதில் ஆர்ஐபி, ஈஐஜிஆர்பி, ஃப்ரேம் ரிலே என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். இன்றைய தேர்வில் நீங்கள் கையால் அமைக்கத் தெரிந்திருக்க வேண்டிய ரவுட்டிங் புரொட்டோகோல் ஓஎஸ்பிஎஃப் ஒன்றுதான், அதுவும் ஒரே ஏரியாவுக்குள்.

மதிப்பெண் பங்கீடு இது: அடிப்படைகளுக்கு 20 சதவீதம், சுவிட்ச்சும் வயர்லெஸ்ஸும் அடங்கிய பகுதிக்கு 20, ரவுட்டிங்குக்கு 25, டிஎச்சிபி, முகவரி மாற்றும் நெட் போன்ற சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியக்கத்துக்கு 10. சுவிட்ச், ரவுட்டிங், சேவைகள் மூன்றையும் கூட்டினால் 55. இந்த 55க்குத்தான் ஆய்வுகூடம் தேவை. பாதுகாப்பிலும் பாதிக்குமேல் அதே ஆய்வுகூடத்தில் பழகலாம். மற்றதைப் புத்தகமும் பேனாவும் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் சீரியல் கார்டு வேண்டாம், அதன் கேபிள் வேண்டாம், ஐந்தாறு ரவுட்டர் அடுக்கிய ரெக் வேண்டாம். வேண்டியது நல்ல லெப்டொப் ஒன்று. அதற்குப் பிறகு, காசு மிச்சமிருந்தால், கையால் தொட்டுப் பழக ஒரு சின்னப் பெட்டி.

லெப்டொப்

புதியது தேவையில்லை. அலுவலகங்கள் பாவித்துக் கழித்த, ஐ5 ப்ரொசெசர் உள்ள லெப்டொப்கள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கண்டி நகரத்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. மூன்றே விடயங்களைக் கேளுங்கள். ரேம் 8 ஜிபி இருக்க வேண்டும், பின்னர் 16 ஆக்க இடமிருக்க வேண்டும். வட்டு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். நெட்வொர்க் கேபிள் செருகும் ஆர்ஜே45 துளை இருக்க வேண்டும். மெல்லிய புதுவகை லெப்டொப்கள் பலவற்றில் இந்தத் துளை இல்லை. பார்க்க அழகாக இருந்தாலும் நம் வேலைக்கு அது குறைதான்.

பயோஸ் திரையில் வர்ச்சுவலைசேஷன் என்ற வசதி இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். பல லெப்டொப்களில் அது மூடி வைக்கப்பட்டிருக்கும். பின்னால் சொல்லப்போகும் மென்பொருள்கள் சில அதைத் திறக்காமல் ஓடாது. பற்றரி செத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆனால் கரண்ட் அடிக்கடி போகும் தோட்டத்தில் பற்றரியை மாற்றும் செலவையும் மனதில் வையுங்கள்.

மென்பொருள்

முதல் ஆறு மாதத்துக்கு பெக்கட் ட்ரேசர் ஒன்றே போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசமாகப் பதிந்தால் இலவசமாகவே கிடைக்கும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியிலும் ஓடும். உண்மையான ரவுட்டரின் மென்பொருள் இதற்குள் இல்லை, அது நடந்துகொள்ளும் விதத்தைப் பாவனை செய்து காட்டுவதுதான் பெக்கட் ட்ரேசர். அதனால் சில கட்டளைகள் இருக்காது. ஆனாலும் சிசிஎன்ஏ பாடத்தில் கையால் செய்ய வேண்டிய ஏறக்குறைய எல்லாவற்றையும் இதில் செய்துவிடலாம்.

இதை இறக்கும்போது சில நூறு எம்பி டேட்டா போகும். சிக்னல் நிற்காத டிவிசனில் இருந்தால் டவுனுக்கு வரும் நாளில் லெப்டொப்பைக் கொண்டுவந்து, நூலகத்திலோ தெரிந்தவர் கடையிலோ இறக்கிக்கொள்ளுங்கள். திறக்கும்போது அகாடமிக் கணக்கைக் கேட்கும். உள்நுழைந்த நிலையிலேயே வைத்திரு என்ற தெரிவைக் குறித்துவிட்டால், அதன் பிறகு இணையம் இல்லாத இரவிலும் வேலை செய்யலாம். பாட வீடியோக்களையும் அவ்வாறே சேர்த்துக் கொண்டுவாருங்கள். மழை மாதங்களில் இந்தச் சேமிப்புத்தான் கைகொடுக்கும்.

பெக்கட் ட்ரேசரில் சிமுலேஷன் என்றொரு நிலை உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லை, நான் அதைத்தான் முதலில் தொடச் சொல்வேன். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பிங் அனுப்பிவிட்டு, பெக்கட் ஒவ்வொரு படியாக நகர்வதைப் பார்க்கலாம். எங்கே நின்றது, ஏன் நின்றது என்று பெட்டியைத் திறந்து படிக்கலாம். ரவுட்டரிலிருந்து புதிய முகவரிக்குப் பிங் அனுப்பினால் முதலில் ஒரு புள்ளியும் பிறகு நான்கு ஆச்சரியக்குறிகளும் வருவதைக் காண்பீர்கள். ஐந்தில் ஒன்று ஏன் தவறியது? எதிர்ப்பக்கத்தின் மெக் முகவரி தெரியாததால் ரவுட்டர் முதலில் ஏஆர்பி கேள்வி கேட்கிறது. பதில் வருவதற்குள் முதல் பெக்கட் கைவிடப்படுகிறது. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர் ஏஆர்பியை மறக்கமாட்டார்.

உண்மையான மென்பொருளை ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால் இரண்டு வழி. சிஸ்கோ மொடலிங் லேப்ஸ் என்பதன் இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் 5 கருவிகள் வரை ஓட்டலாம். காசு கட்டிப் பெறும் தனிநபர் பதிப்பு ஆண்டுக்கு 199 டொலர், நமக்கு அது வேண்டாம். மற்றது ஜிஎன்எஸ்3. அது இலவசம், திறந்த மூலம். ஆனால் சிஸ்கோவின் ஐஓஎஸ் கோப்புகள் அதோடு வராது. எங்கிருந்தோ இறக்கித் தருகிறேன் என்பவர்களிடம் வாங்காதீர்கள். அது உரிமமில்லாத சரக்கு, உள்ளே வைரஸ் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக எஃப்ஆர்ஆர் என்ற இலவச லினக்ஸ் ரவுட்டரையோ மைக்ரோடிக்கின் சிஎச்ஆர் பதிப்பையோ ஓட்டுங்கள். எஃப்ஆர்ஆரின் கட்டளைகள் சிஸ்கோவுடையவை போலவே இருக்கும். சிஎச்ஆர் இலவச உரிமத்தில் வேகம் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு மட்டுப்படுத்தப்பட்டிருந்தாலும் படிப்புக்கு அது தாராளம். பெக்கட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கையும் இப்போதே நிறுவிவிடுங்கள்.

கையால் தொட ஒரு பெட்டி

திரையில் மட்டும் படித்தவர் வேலைக்குப் போன முதல் நாள் கொன்சோல் கேபிளை எங்கே செருகுவது என்று தேடுவார். அதற்காகத்தான் ஒரு நிசமான பெட்டி வேண்டும். ஒன்று போதும். இரண்டு இருந்தால் நல்லது.

சுவிட்ச் வாங்குவதானால் கேட்டலிஸ்ட் 2960 வரிசையில் 8 போர்ட் உள்ள 2960-8டிசி-எல் மாதிரியைத் தேடுங்கள். அதில் விசிறி கிடையாது. அப்பாயி தூங்கலாம். 24 போர்ட் மாதிரி மலிவாகக் கிடைத்தாலும் சத்தத்தையும் இடத்தையும் யோசித்துப் பாருங்கள். ரவுட்டர் என்றால் 1941 தாராளமாகப் போதும். அதற்கும் விசிறிச் சத்தம் உண்டு.

கடையில் வாங்கும்போது வெறுமனே லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் லெப்டொப்பையும் கொன்சோல் கேபிளையும் கொண்டுபோங்கள். புட்டி என்ற மென்பொருளில் 9600 வேகம் வைத்து இணையுங்கள். பூட் ஆகும் எழுத்துகள் முழுதாக வர வேண்டும். ஷோ வெர்ஷன் அடித்தால் மென்பொருள் பதிப்பும் மெமரியும் தெரியும், ஷோ ஃப்ளேஷ் அடித்தால் ஐஓஎஸ் கோப்பு உள்ளே இருக்கிறதா என்று தெரியும். ஒவ்வொரு போர்ட்டிலும் கேபிளைச் செருகி எடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பரிசோதிக்க விடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

பழைய உரிமையாளரின் பாஸ்வேர்ட் இருந்தால் பயப்படாதீர்கள், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். ரவுட்டரைப் போட்டதும் பிரேக் விசையை அனுப்பி ரொம்மொன் நிலைக்குப் போய், கன்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரை 2142 ஆக்கி மறுபடி பூட் செய்தால் பழைய அமைப்பைப் படிக்காமல் எழும்பும். வேலை முடிந்ததும் 2102க்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் நீங்கள் சேமித்ததையும் படிக்காது. சுவிட்ச்சில் முன்பக்கத்து மோட் பொத்தானை அழுத்திக்கொண்டே கரண்டைப் போட வேண்டும். சுவிட்ச்சை முழுதாக அழித்த பிறகும் பழைய வீலான்கள் தலைகாட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். அவை ஃப்ளேஷில் வேறு கோப்பில் இருக்கின்றன, அந்த வீலான் கோப்பையும் அழிக்க வேண்டும்.

கொன்சோல் கேபிளில் மட்டும் மலிவைப் பார்க்க வேண்டாம். யூஎஸ்பியிலிருந்து மாற்றும் சிப் போலியாக இருந்தால் விண்டோஸ் டிரைவர் அதை ஏற்காது, நீங்கள் ரவுட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

சிஸ்கோவுக்குக் காசு இல்லை என்றால் மைக்ரோடிக் ஹெச்ஏபி லைட் என்ற சின்ன ரவுட்டர் இருக்கிறது. லட்வியா நாட்டு நிறுவனம் செய்வது, அதன் பட்டியல் விலை சுமார் 25 டொலர். உள்ளங்கை அகலம், நான்கு போர்ட், வைஃபை, சத்தமே இல்லை. 5 வோல்ட் மைக்ரோ யூஎஸ்பியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் போன் பவர்பேங்கில் செருகிப் படிக்கலாம். மலைநாட்டில் இருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி ஒன்றை நான் காணவில்லை. கட்டளைகள் சிஸ்கோவிலிருந்து வேறுபடும். ஆனால் வீலானும் ஓஎஸ்பிஎஃப்பும் நெட்டும் ஃபயர்வோலும் அதே சங்கதிகள்தாம்.

கேபிளை நீங்களே அடித்துப் பழகுங்கள். கிரிம்பிங் டூல் ஒன்றை மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம். 568பி முறையில் இடமிருந்து நிற வரிசை: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைக்கபிலம், கபிலம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வரை பாடமாக்குங்கள்.

கரண்ட், இடி, ஈரம்

கொழும்பில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ இதுதான் முதலில் வர வேண்டியது.

பழைய ரவுட்டரோ சுவிட்ச்சோ ஒவ்வொன்றும் 30 முதல் 40 வாட் வரை இழுக்கும் என்று வையுங்கள். நான்கு பெட்டி, தினமும் மூன்று மணி நேரம், 30 நாள் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 11 முதல் 14 யூனிட் வரை. பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் வேறு வரிசைக் கட்டணத்துக்குப் போய்விடுவீர்கள், நிலையான கட்டணமும் கூடும். வீட்டின் சாதாரணப் பாவனை 50 யூனிட் என்றால் உங்கள் ஆய்வுகூடம்தான் பில்லை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளும். பழைய பில் மூன்றை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லெப்டொப் மட்டும் என்றால் இந்தக் கவலை இல்லை.

லயன்களில் மின்கசிவால் தீப்பிடித்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுவதும் போய்விடுகிறது. பழைய வயரிங்கில் ஒரே பிளக்கிலிருந்து மல்டி பிளக், அதிலிருந்து இன்னொரு மல்டி பிளக் என்று கோத்து எடுக்காதீர்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், ஆய்வுகூடம் அதுவரை காத்திருக்கட்டும். வெளியே போகும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி அதிகம். வானம் கறுத்ததும் மின்பிளக்கை மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். இடி பாயும்போது அந்த வழியாலும் வரும். இரண்டு லயங்களுக்கு இடையே செப்புக் கேபிள் இழுத்து நண்பனோடு நெட்வொர்க் போடும் ஆசை வரும், எனக்கும் வந்தது. நூறு மீட்டருக்குள் தூரம் இருந்தாலும் வெட்டவெளியில் செப்பு இழுக்காதீர்கள். இரு பக்கத்துப் பெட்டிகளும் கருகும், ஆட்களுக்கும் ஆபத்து.

நுவரெலியாப் பக்கம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகையில் வையுங்கள், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். வாரக்கணக்கில் பாவிக்காமல் கிடந்தால் உலர்ந்த இடத்தில் துணியால் மூடி வைத்து, மீண்டும் போடுமுன் ஈரம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது மட்டும் துணி போட்டு மூடவே கூடாது.

2022இல் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை கரண்ட் நின்ற காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் போவதால் கற்கும் பாடம் ஒன்று உண்டு. நீங்கள் அடிக்கும் கட்டளைகள் ரன்னிங் கன்ஃபிக் என்ற பெயரில் ரேமில் இருக்கின்றன. கரண்ட் போனால் அவையும் போய்விடும். ஸ்டார்டப் கன்ஃபிக்குக்கு நகலெடுத்தால்தான் நிலைக்கும். இரண்டு மணி நேர வேலையை ஒரு கரண்ட் கட்டில் இழந்தவருக்கு இந்த வேறுபாட்டை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோட்டத்தையே வரையுங்கள்

புத்தகத்து உதாரணங்களில் நியூயோர்க் கிளையும் லண்டன் கிளையும் இருக்கும். நீங்கள் உங்கள் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிவிசன், தோட்ட அலுவலகம், தேயிலை ஃபெக்டரி. டிவிசனுக்கு 100 முகவரி, அலுவலகத்துக்கு 50, ஃபெக்டரிக்கு 25, ரவுட்டர்களை இணைக்கும் இரண்டு கோடுகளுக்குத் தலா 2 முகவரி. கையில் இருப்பது 192.168.10.0/24 மட்டும்.

பெரியதிலிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள். டிவிசனுக்கு 192.168.10.0/25, அதில் 126 முகவரி. அலுவலகத்துக்கு 192.168.10.128/26, அதில் 62. ஃபெக்டரிக்கு 192.168.10.192/27, அதில் 30. கோடுகளுக்கு 192.168.10.224/30, 192.168.10.228/30. இதைக் காகிதத்தில் செய்யுங்கள். நாளைக்கு ஒரு கணக்கு, வெவ்வேறு எண்களோடு, நாற்பது நாள். தேர்வில் கல்குலேட்டர் கிடையாது.

பிறகு பெக்கட் ட்ரேசரில் கட்டுங்கள். அலுவலகச் சுவிட்ச்சில் கணக்குப் பிரிவுக்கு வீலான் 10, மற்றவர்களுக்கு வீலான் 20. ஒரே கேபிளில் இரண்டு வீலானும் ரவுட்டருக்குப் போகும்படி ட்ரங்க். அடுத்து மூன்று ரவுட்டர்களுக்கும் ஓஎஸ்பிஎஃப்.

டிஎச்சிபி வரும்போது காலைப் பிரட்டுக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்து நிற்கிறார்கள், கங்காணி இன்றைக்கு உனக்கு இந்த நெரை என்று காட்டுகிறார், நாளைக்கு வேறு நெரை. முகவரியும் அவ்வாறே குறித்த காலத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது. கேட்கும் கணினி உரக்கக் கூப்பிடுகிறது. அந்தச் சத்தம் ரவுட்டரைத் தாண்டாது. ஒரு மலையில் கூப்பிட்டால் அடுத்த மலையில் இருக்கும் கங்காணிக்குக் கேட்காதது போல. அதற்காகத்தான் ரவுட்டரில் ஐபி ஹெல்பர் அட்ரஸ் கொடுக்கிறோம். சத்தத்தைக் கேட்டு, அடுத்த மலைக்குச் செய்தி கொண்டுபோகும் ஆள் அது.

நெட்டை நம்மவர்களுக்கு விளக்குவது எனக்கு எப்போதும் வலிக்கிறது. லயத்துக்கென்று முகவரி இல்லை. எல்லோருடைய கடிதமும் தோட்ட அலுவலகம் என்ற ஒரே முகவரிக்கு வருகிறது, அங்கிருந்துதான் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்து கைக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். வெளியுலகுக்கு ஒரே முகவரியைக் காட்டிவிட்டு, உள்ளே இருக்கும் நூறு கணினிகளுக்கு வருவதைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது ஒவ்வொரு இணைப்பையும் போர்ட் எண்ணோடு அட்டவணையில் எழுதி வைத்து, உரியவருக்கு உடனே சேர்க்கிறது. ஷோ ஐபி நெட் ட்ரான்ஸ்லேஷன்ஸ் அடித்து அந்த அட்டவணையைப் பாருங்கள்.

தானியக்கப் பகுதிக்கு ஜேசன் கோப்பு ஒன்றைப் படிக்கத் தெரிவதும், ஆன்சிபிள், டெராஃபோர்ம் எதற்கு என்று தெரிவதும் போதும். வயர்லெஸ்ஸுக்கு பெக்கட் ட்ரேசரில் உள்ள கொன்ட்ரோலரை இரண்டு முறை அமைத்துப் பார்த்தால் சரி.

கெடுத்துப் பழகுங்கள்

கட்டி முடித்து எல்லாம் ஓடிய அன்று மகிழ்ச்சியாக இருக்கும். அங்கே நிறுத்திவிடுகிறவர்கள்தாம் தேர்வில் திணறுகிறார்கள். ஓடுகிற நெட்வொர்க் அதிகம் சொல்லித்தராது. கோப்பின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை நண்பனிடம் கொடுத்து மூன்று இடத்தில் கெடுத்துத் தரச் சொல்லுங்கள். என்ன செய்தான் என்று அவன் சொல்லக் கூடாது.

ஓஎஸ்பிஎஃப் அயலவர் வராவிட்டால் ஹலோ நேரம் இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள், வழக்கமாக அது 10 விநாடி, டெட் நேரம் 40. பிறகு ஏரியா எண், சப்நெட் மாஸ்க், பெசிவ் இன்டர்ஃபேஸ். இந்த நான்கையும் வரிசையாகப் பார்க்கும் பழக்கம் விரல்களுக்கு வர வேண்டும். ட்ரங்க்கின் நேட்டிவ் வீலான் இரு பக்கமும் வேறாக இருந்தால் சுவிட்ச்சே எச்சரிக்கை எழுதிக்கொண்டிருக்கும், அதைப் படிக்கப் பழகுங்கள்.

மூன்று சுவிட்ச்சை முக்கோணமாக இணையுங்கள். ஒரு கோடு மட்டும் செம்மஞ்சளில் நின்றுவிடும், மற்றவை 30 விநாடியில் பச்சையாகும். எது ரூட் ஆனது? முன்னுரிமை எல்லாவற்றிலும் 32768 என்பதால் மெக் முகவரி மிகச் சிறியதாக உள்ளதுதான் ரூட். நிசமான அலுவலகங்களில் மிகச் சிறிய மெக் பெரும்பாலும் மிகப் பழைய சுவிட்ச்சிடம் இருக்கும். ஆகக் கிழட்டுப் பெட்டியிடம் போய் எல்லாப் போக்குவரத்தும் சேர்கிறது. நீங்களே முன்னுரிமையைக் குறைத்து ரூட்டைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தானாகப் புரியும்.

ஒவ்வொரு நாளும் என்ன கெட்டது, எந்தக் கட்டளை அதைக் காட்டியது, எப்படிச் சரியானது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். கட்டளையையும் கலைச்சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், தேர்வு ஆங்கிலத்தில்தான் வரும். பாடசாலையில் வலையமைப்பு என்று தமிழில் படித்தவர்களுக்கு இந்த இருமொழிக் கொப்பிதான் பாலம். எனக்கு அப்படி 200 பக்கக் கொப்பி இரண்டு நிரம்பியது.

தேர்வு நாளும் கூட்டாளிகளும்

வீட்டிலிருந்தே இணையம் வழியாகத் தேர்வு எழுதும் வசதி இருக்கிறது. லயத்தில் இருப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம். எழுதும் அறையில் வேறு ஆள் வரக் கூடாது, பேச்சுக் குரல் கேட்கக் கூடாது, இணைப்பு அறுபடக் கூடாது. நமது காம்பராக்களில் அடுத்த வீட்டுச் சத்தம் கூரை வழியாக வரும். 90,000 ரூபாயை அந்த நிலைமையில் வைத்துப் பார்க்காதீர்கள். தேர்வு நிலையத்துக்கே போங்கள். முதல் நாளே கொழும்புக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கி, நன்றாகத் தூங்கி எழுதுங்கள். மண்சரிவால் பாதை மூடும் மாதங்களில் திகதி எடுக்காதீர்கள். நெட்வொர்க்கிங் அகாடமியின் மூன்று சிசிஎன்ஏ பாடநெறிகளையும் ஓர் அகாடமியில் முறையாக முடிப்போருக்கு, நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால், கட்டணக் கழிவு வவுச்சர் கிடைக்கும். பணம் கட்டுமுன் அதை விசாரியுங்கள்.

தனியாகப் படிக்காதீர்கள். மூன்று பேர் சேர்ந்தால் ஒருவர் சுவிட்ச், ஒருவர் மைக்ரோடிக், ஒருவர் கிரிம்பிங் டூலும் கொன்சோல் கேபிளும் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு இஸ்தோப்பில் மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஒருவர் கட்ட, ஒருவர் கெடுக்க, ஒருவர் கண்டுபிடிக்கட்டும். அடுத்த வாரம் முறை மாறட்டும்.

தேர்வு முடிந்து வேலைக்குப் போனதும் அந்தப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடாதீர்கள். அடுத்த லயத்தில் உயர்தரம் எழுதிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கொன்சோல் கேபிளையும், எழுதிய அந்தக் கொப்பிகளையும் சேர்த்துக் கொடுங்கள்.